அக்டோபர் கடைசி வாரம், யூட்டா பாலைவனம்: ஒரு நாள் நடைக்கு எந்தப் பாதை?

கேள்வி: நெடுவழியான்

வணக்கம். வரும் அக்டோபர் 24 சனிக்கிழமையன்று லாஸ் வேகஸில் வாடகைக் கார் எடுத்து, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சயான் தேசியப் பூங்காவின் வாசலில் மூன்று இரவுகள், பிரைஸ் கேன்யனில் ஓர் இரவு, கேப்பிடல் ரீஃப் பூங்காவை ஒட்டிய டோரியில் இரண்டு இரவுகள், மோவாபில் இரண்டு இரவுகள் என்று தங்கிவிட்டு, நவம்பர் 1 ஞாயிறன்று தெற்கே இறங்கி, மான்யுமென்ட் வேலி, பேஜ் வழியாக லாஸ் வேகஸுக்கே திரும்புவதாகத் திட்டமிட்டிருக்கிறோம். நானும் என் மனைவியும், மனைவியின் அண்ணனும், எங்கள் 13 வயது மகளும் செல்கிறோம். பெரும்பகுதி நேரம் காரிலேயே கழியும் பயணம் என்பதால், இடையில் ஒரு நாளாவது காலையிலிருந்து மாலை வரை நடந்து, அந்த நிலத்தைக் காலால் அறிய வேண்டும் என்பது எங்கள் ஆசை.

மாதம் இருமுறையாவது காட்டுப் பாதைகளில் எட்டு முதல் பத்து கிலோமீட்டர் நடக்கும் பழக்கம் எங்களுக்கு உண்டு. ஆனால் அவை எல்லாம் நிழலும் ஓடைகளும் உள்ள பாதைகள். பாலைவனத்தில் நடந்த அனுபவம் எங்களில் ஒருவருக்கும் இல்லை. மனைவிக்கு இறக்கத்தில் முழங்கால் வலிக்கும். ஏற்றம் அவருக்குத் தொல்லை தராது. மகள் சயானின் நாரோஸ் பள்ளத்தாக்கில் ஆற்றுக்குள்ளேயே நடந்து செல்லும் படங்களைப் பார்த்துவிட்டு, அங்கேதான் போக வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள். மைத்துனருக்கோ இலையுதிர் கால வண்ணங்களைப் படமெடுக்க வேண்டும்.

ஆகவே எனக்குத் தெரிய வேண்டியவை மூன்று. இந்த வழித்தடத்தில், அந்த வாரத்தில், இப்படிப்பட்ட நால்வருக்கு ஏற்ற ஒரு நாள் நடை எது? அக்டோபர் இறுதியில் நாரோஸில் இறங்குவது அறிவுடைமைதானா? வெயில் தணிந்த பருவம் என்பதால் தண்ணீரைக் குறைத்து எடுத்துச் செல்லலாமா? அங்கே இலையுதிர் காலத்தில் நடந்து வந்தவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: செம்பாறை

நெடுவழியானுக்கு வணக்கம். அந்தப் பகுதியில் ஐந்து இலையுதிர் காலங்களில் நடந்திருக்கிறேன். ஒரு முறை தவறாகவும் நடந்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

மைத்துனரின் வண்ணங்களுக்காகப் பாதை தேடுவதாக இருந்தால், பூங்காவின் பெயரைவிட அதன் உயரத்தைப் பாருங்கள். அங்கே இலையுதிர் காலம் மலை உச்சியில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்கி வருகிறது. பிரைஸிலிருந்து டோரிக்குச் செல்லும் 12ஆம் எண் நெடுஞ்சாலை போல்டர் மலையில் சுமார் 9,600 அடி வரை ஏறும். அந்த உயரத்தில் உள்ள ஆஸ்பென் மரங்கள் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் பொன்னாக ஒளிரும், நீங்கள் போகும்போது மொட்டையாக நிற்கும். டோரிக்கு வடமேற்கே, ஃபிஷ் லேக் ஏரியின் கரையில் உள்ள பாண்டோ ஆஸ்பென் தோப்பைப் பற்றி மைத்துனர் படித்திருக்கக்கூடும். பார்வைக்குக் காடாகத் தெரியும் சுமார் 47,000 தண்டுகளும் ஒரே வேரிலிருந்து கிளைத்த ஒரே உயிர் என்பதால் புகழ்பெற்றது அது. அதற்காக வண்டியைத் திருப்ப வேண்டாம். அந்த வாரத்தில் கிளைகளை மட்டும்தான் பார்ப்பீர்கள். மாறாக, கேப்பிடல் ரீஃப் பூங்காவில் 5,500 அடி உயரத்தில் ஃப்ரீமான்ட் ஆற்றங்கரையில் உள்ள ஃப்ரூட்டா பள்ளத்தாக்கின் காட்டன்வுட் மரங்கள் அக்டோபரின் பிற்பாதியில்தான் மஞ்சளாகின்றன. சுமார் 4,000 அடியில் உள்ள சயான் பள்ளத்தாக்குக்கு அந்த நிறம் வந்து சேர அக்டோபர் முடிந்து நவம்பரே பிறந்துவிடும். சிவந்த மணற்பாறைச் சுவருக்கு முன்னால் ஒற்றை மஞ்சள் மரம் நிற்கும் காட்சி வேண்டுமென்றால், நீங்கள் டோரியில் தங்கும் 28, 29 தேதிகள் மிகப் பொருத்தமானவை.

என் பரிந்துரை இரண்டு பாதைகள். இரண்டும் உங்கள் வழியிலேயே இருக்கின்றன.

ஒன்று, காஃப் கிரீக்கின் கீழ் அருவி. எஸ்கலான்டே, போல்டர் என்ற இரண்டு ஊர்களுக்கும் இடையே, 12ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டியே பாதை தொடங்குகிறது. போய்த் திரும்ப சுமார் 6 மைல், அதாவது பத்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பெரிய ஏற்ற இறக்கம் இல்லாததால் உங்கள் மனைவியின் முழங்காலுக்குத் தீங்கில்லை. ஆனால் பல இடங்களில் மணல் ஆழமாக இருப்பதால் ஆறு மைல் எட்டு மைலாக உறைக்கும். வழியில் ஓடையின் மறுகரைச் சுவரில் ஃப்ரீமான்ட் பண்பாட்டைச் சேர்ந்த பழங்குடி மக்கள் செந்நிறத்தில் தீட்டிய மூன்று பெரிய உருவங்கள் தெரியும். பாதையிலிருந்து பார்க்கலாம் என்பதால் ஒரு சிறிய இருகண் நோக்கி எடுத்துச் செல்லுங்கள். முடிவில் 126 அடி உயர அருவி நிற்கிறது. பாலைவனத்தின் நடுவே பாசி படர்ந்த சுவரும் குளிர்ந்த குளமும் வந்து நிற்கும் அந்தத் திருப்பத்தில் உங்கள் மகள் நாரோஸை மறந்துவிட வாய்ப்புண்டு. வாகன நிறுத்தம் மிகச் சிறியது. காலை ஒன்பது மணிக்குள் வந்துவிடுங்கள்.

மற்றொன்று, கேப்பிடல் ரீஃபில் கேசிடி ஆர்ச். போய்த் திரும்ப 3.4 மைல், ஏற்றம் 670 அடி. கிராண்ட் வாஷ் என்ற வறண்ட ஓடைப்படுகையில் தொடங்கி, பாறைச் சரிவில் ஏறி, கல் வளைவுக்கு மேலேயே கொண்டுவிடும் பாதை. நான் தவறியது இங்கேதான்.

சில ஆண்டுகளுக்கு முன், அக்டோபர் முடியும் தறுவாயில், மூன்று மைல் தானே என்ற அலட்சியத்தில் பிற்பகல் மூன்று மணிக்குக் கிளம்பினோம். மலைநடைக்கு ஆகும் நேரத்தைக் கணக்கிட, 1892இல் ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் வகுத்த எளிய விதி ஒன்று உண்டு: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் மேலும் ஒரு மணி நேரம். அதன்படி கேசிடி ஆர்ச் சென்று வர ஒன்றரை மணி நேரம்தான். அந்த விதியில் மணலுக்கும் இடமில்லை, படம் எடுப்பதற்கும் இடமில்லை, வளைவின் விளிம்பில் உட்கார்ந்து பேசாமல் இருப்பதற்கும் இடமில்லை. எங்களுக்கு மேலே போகவே ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. அங்கே ஒளி செம்பொன்னாக மாறியதைப் பார்த்து மேலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டோம். அந்த நாட்களில் ஞாயிறு மறைவது மாலை ஆறரை மணி அளவில். ஆனால் அது தொடுவானத்துக் கணக்கு. சுற்றிலும் சுவர் எழும்பி நிற்கும் பள்ளத்தாக்கில் வெயில் அதற்கு வெகுநேரம் முன்பே போய்விடுகிறது.

அந்தப் பாதையின் மேல்பகுதி முழுவதும் வெறும் பாறை. மண்ணில் விழுவது போன்ற தடம் பாறையில் விழுவதில்லை. அடுக்கி வைத்த சிறு கற்குவியல்களே வழிகாட்டி. பகலில் ஒன்றிலிருந்து அடுத்தது தெரியும். இருட்டில் கைப்பேசி வெளிச்சம் காட்டும் வட்டத்துக்குள் எல்லாக் கல்லும் ஒரே கல்லாகத் தெரிகிறது. ஒரு விளிம்பு வரை தவறாக இறங்கிய பிறகுதான் நின்றோம். கடைசியாகப் பார்த்த கற்குவியலுக்கே திரும்பி, ஒருவர் விளக்குடன் அங்கேயே நிற்க, மற்றவர் அடுத்த குவியலைத் தேடிக் கண்டுபிடித்துக் குரல் கொடுக்க, பிறகு நின்றவர் நகர்வது என்ற முறையில் இறங்கினோம். முக்கால் மணி நேரத்து இறக்கத்துக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் பகலில் அரைக்கைச் சட்டை போதும் என்று வந்திருந்த நாங்கள், வண்டியை அடைந்தபோது சாவியைத் திருப்ப விரல்கள் வளையாத நிலையில் இருந்தோம்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட வழக்கம் இது: எந்த நடையாக இருந்தாலும், கிளம்பும்போதே திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்வேன். மறைவு நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு வண்டியில் இருக்க வேண்டும் என்று வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டு, அந்த நேரம் வந்தால் இலக்கு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தாலும் திரும்பிவிடுவேன். தலையில் அணியும் விளக்கு தலைக்கு ஒன்று, நால்வருக்கு நான்கு. பூங்காவின் பெரும்பகுதியில் கைப்பேசி அலை கிடைக்காது என்பதால், யாரையாவது அழைத்துக் கேட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை டோரியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

தண்ணீர் பற்றி: குறைக்க வேண்டாம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், ஏறத்தாழ 3.8 லிட்டர் என்பதுதான் அந்தப் பூங்காக்களின் பொதுவான அறிவுரை. அரை நாள் நடைக்கு இரண்டரை லிட்டரைச் சுமந்து, மீதியை வண்டியில் வையுங்கள். குளிர்ந்த காற்றில் தாகம் மங்கிவிடுகிறது. வறண்ட காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் வியர்த்ததே தெரிவதில்லை. கோடையில் உடம்பே எச்சரிக்கும். அக்டோபரில் கடிகாரத்தைப் பார்த்துத்தான் குடிக்க வேண்டும். கூடவே உப்புள்ள தின்பண்டமும் வேண்டும். உப்பின்றித் தண்ணீரை மட்டும் மிகுதியாகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைச்சுற்றலும் குமட்டலும் வரும். அதை நீரிழப்பு என்று தவறாக எண்ணி மேலும் தண்ணீர் கொடுப்பவர்களும் உண்டு.

மறுமொழி 2: ஆற்றங்கரையாள்

செம்பாறை நாரோஸைத் தொடாமல் விட்டுவிட்டார். உங்கள் மகளின் கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். நாரோஸில் ஜூலையிலும் நடந்திருக்கிறேன், அக்டோபர் இறுதியிலும் நடந்திருக்கிறேன். இரண்டும் ஒரே இடம் என்று நம்பவே கடினமாக இருந்தது.

சினவாவா என்ற கடைசிப் பேருந்து நிறுத்தத்திலிருந்து ஆற்றோரமாக ஒரு மைல் தூரத்துக்குக் கட்டாந்தரைப் பாதை உண்டு. அது முடியும் இடத்தில் நீங்கள் வர்ஜின் ஆற்றுக்குள் கால் வைக்க வேண்டும்; அதன் பிறகு ஆறுதான் பாதை. சுவர்கள் ஆயிரம் அடி உயரமும், சில இடங்களில் ஆற்றின் அகலம் இருபது முப்பது அடியும் உள்ள பள்ளத்தாக்கு என்பதால், இலையுதிர் காலத்தில் வெயில் தரையைத் தொடுவது அரிது. நனைந்த உடலை உலர்த்த வெயில் இல்லை, சுவர்களுக்கு இடையே காற்று மட்டும் தொடர்ந்து வீசும். உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைவதற்குப் பனி பெய்யத் தேவையில்லை. பத்து டிகிரி செல்சியஸில், நனைந்த பருத்தி ஆடையுடன் நின்றாலே போதும். 2022 நவம்பரில் நாரோஸின் முழு நீளத்தையும் மேலிருந்து கீழாக நடந்து வந்த ஓர் இளம்பெண் குளிரில்தான் உயிரிழந்தார். அவருடைய பயணம் 16 மைல் தூரமுள்ளது, நீங்கள் நினைப்பது அதுவல்ல. ஆயினும் ஆற்றின் குளிர் இரண்டுக்கும் ஒன்றுதான்.

பாலை என்றதும் நம் மனத்தில் எழுவது நண்பகலும் வேனிலும்தான். ஆனால் நம் திணை இலக்கணம் பாலைக்குப் பின்பனிக் காலத்தையும் உரியதாக வைத்திருக்கிறது என்பதை நான் அந்த ஆற்றில் நடுங்கிக்கொண்டு நின்றபோதுதான் நினைத்துப் பார்த்தேன். யூட்டாவின் பாலை உயரமான பாலை. பகலில் 18 டிகிரியாக இருக்கும் இடத்தில் விடியற்காலையில் நான்கு டிகிரி இருக்கும். பிரைஸில் அந்த வாரத்தில் இரவு உறைநிலைக்குக் கீழே போவது வழக்கமான செய்தி.

இவ்வளவு சொன்ன பிறகும், போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன். சயானின் வாசலில் உள்ள கடைகளில் நீர்புகாத முழு உடையும், நியோப்ரீன் காலுறையும், ஆற்றுக்கான காலணியும், ஊன்றுகோலும் வாடகைக்குக் கிடைக்கின்றன. உங்கள் மகளின் அளவில் அந்த உடை கிடைக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அது கிடைத்தால், கட்டாந்தரைப் பாதை முடிந்து ஆற்றில் ஒரு மணி நேரம் மட்டும் ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்புவது அவளுக்கு மறக்க முடியாத அனுபவமாக இருக்கும். கிடைக்காவிட்டால் கட்டாந்தரைப் பாதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவும் அழகுதான், அந்தக் கடைசி வளைவில் மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்கும். எப்படியானாலும், நாரோஸை உங்களுடைய முழு நாள் நடையாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

திடீர் வெள்ளம் பற்றி ஒரு சொல். பருவமழை அங்கே ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரைதான் என்பதால், அக்டோபர் இறுதியில் ஆபத்து குறைவு. ஆனால் இல்லாமல் போய்விடவில்லை. 1997 ஆகஸ்ட் 12 அன்று பேஜ் அருகே கீழ் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் 11 பேர் இறந்தபோது, மழை பெய்தது அங்கே அல்ல, பல மைல்களுக்கு அப்பால். 2015 செப்டம்பர் 14 அன்று சயானின் கீஹோல் பள்ளத்தாக்கில் ஏழு பேர் வெள்ளத்தில் சிக்கி இறந்தார்கள். தலைக்கு மேல் தெரியும் நீலத் துண்டை நம்பி இத்தகைய இடுக்குகளில் இறங்கக் கூடாது. காலையில் பார்வையாளர் மையத்தில் அன்றைய வெள்ள வாய்ப்பையும் ஆற்றின் ஓட்டத்தையும் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். நொடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் பூங்காவே நாரோஸை மூடிவிடும். அந்த ஆற்றுநீரை வடிகட்டியும் குடிக்க வேண்டாம். 2020இல் அதில் நச்சுத்தன்மையுள்ள நீலப்பசும்பாசி கண்டறியப்பட்டது முதல் பூங்கா அவ்வாறே எச்சரித்து வருகிறது.

மறுமொழி 3: கால்நடையான்

மேலே இருவரும் சொன்னவற்றில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் கேட்டவர் மாதம் இருமுறையாவது நடப்பவர், நால்வரும் உடல்நலம் உள்ளவர்கள். மூன்று மைல் நடையும் ஓர் அருவியும் போதும் என்று அவர்களை அனுப்பிவிடுவது எனக்கு மனம் ஒப்பவில்லை. முழு நாள் நடக்க வேண்டும் என்றுதானே கேட்டிருக்கிறார்?

கேன்யன்லேண்ட்ஸ் பூங்காவின் நீடில்ஸ் பகுதியில் செஸ்லர் பார்க்கைச் சுற்றிவரும் பாதை சுமார் 11 மைல். செம்மையும் வெண்மையும் அடுக்கடுக்காய்ப் படிந்த ஊசிப்பாறைகள் வேலி போலச் சூழ்ந்து நிற்க, நடுவே புல்வெளி விரிந்து கிடக்கும். ஒரு பகுதியில் பாறை வெடிப்புக்குள், தோள்கள் இரு பக்கமும் உரசும் அளவுக்கு ஒடுங்கிய வழியில் நடந்து போக வேண்டும். நீர் இல்லாத நாரோஸ் என்று மகளிடம் சொல்லிப் பாருங்கள். நீங்கள் நவம்பர் 1 அன்று மோவாபிலிருந்து மான்யுமென்ட் வேலிக்குப் போகும் சாலையிலிருந்துதான் நீடில்ஸுக்குப் பிரிய வேண்டும்; அதனால் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டியதும் இல்லை. காலையில் கிளம்பி, நடந்துவிட்டு, இரவுக்குள் தெற்கே போய்ச் சேரலாம். அக்டோபர், நவம்பரில் இதற்கு இணையான நடை அந்தப் பக்கம் வேறு இல்லை என்பது என் முடிவு.

ஒரு வேண்டுகோள் மட்டும். பாதையை விட்டு இறங்காதீர்கள். அங்கே மண்ணின் மேல் கருமையாகப் பொருபொருவென்று தெரிவது அழுக்கு அல்ல. நீலப்பசும்பாசியும் கற்பாசியும் பாசிச்செடியும் சேர்ந்து மண்ணைப் பிடித்து வைத்திருக்கும் உயிருள்ள படலம். ஒரு காலடி பட்டு உடைந்தால் மீண்டு வளரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

மறுமொழி 4: செம்பாறை

கால்நடையானின் ரசனையோடு எனக்கு வழக்கில்லை. செஸ்லர் பார்க்கை நானும் நேசிக்கிறேன். நாள்தான் இடிக்கிறது. நவம்பரின் முதல் ஞாயிற்றுக்கிழமை என்பது அமெரிக்காவில் கோடை நேரம் முடிந்து, கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளும் நாள். சனிக்கிழமை மோவாபில் சூரியன் மறைவது மாலை 6:20 அளவில் என்றால், மறுநாள் அதே மறைவு கடிகாரத்தில் 5:20 ஆகிவிடும். முந்தைய ஒரு வாரமாக ஆறு மணிக்கும் வெளிச்சம் இருந்ததைப் பார்த்துப் பழகிய மனம், அன்று நான்கரை மணிக்குப் பாறை மேல் நின்றுகொண்டு இன்னும் நேரம் இருக்கிறது என்றே சொல்லும்.

கணக்கையும் பாருங்கள். மோவாபிலிருந்து, செஸ்லர் பாதை தொடங்கும் எலிஃபண்ட் ஹில்லுக்குப் போகவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பதினொரு மைல், பாறை ஏற்ற இறக்கம், முழங்கால் வலி, படமெடுக்கும் மைத்துனர் எல்லாம் சேர்ந்து ஏழு மணி நேரத்துக்குக் குறையாது. அதன் பிறகு மான்யுமென்ட் வேலிக்கு இரண்டரை மணி நேர ஓட்டம், அதுவும் முழு இருட்டில். இலையுதிர் காலம் மான்கள் இணை தேடி அலையும் பருவம். அந்தி மயங்கும் நேரத்தில்தான் அவை சாலையில் மிகுதியாகக் குறுக்கிடுகின்றன. ஏழு மணி நேரம் நடந்து களைத்தவர் கையில் அந்நேரம் வண்டியைக் கொடுப்பது, நடையைவிடப் பெரிய ஆபத்து என்று எனக்குப் படுகிறது.

மறுமொழி 5: கால்நடையான்

கடிகார மாற்றத்தை நான் கவனிக்கவில்லை, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அன்று பகலின் நீளம் ஒரு மணி நேரம் குறைந்துவிடுவதில்லையே. மாலையில் பறிபோனது காலையில் கைக்கு வருகிறது: 7:40க்கு எழும் சூரியன் 6:40க்கே எழுந்துவிடும். ஐந்து மணிக்கு மோவாபை விட்டால் விடியும்போது நடக்கத் தொடங்கலாம். சாலைக் கணக்கில் மட்டும் செம்பாறை சொல்வது சரி; அன்றிரவு மான்யுமென்ட் வேலிக்குப் பதிலாக, நீடில்ஸிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் உள்ள மான்டிசெல்லோவில் தங்க முடிந்தால் மட்டுமே நான் சொன்ன திட்டம் பொருந்தும்.

நேரத்தைப் பற்றிப் பேசுவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அரிசோனா கோடை நேரத்தைப் பின்பற்றுவதில்லை, அதற்குள்ளேயே இருக்கும் நவாஹோ பழங்குடியினரின் நிலம் பின்பற்றுகிறது. அதனால் அக்டோபரில் பேஜ் பக்கம் போகிறவர்களின் கைப்பேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அதற்கேற்ப ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தாவும், முன்பதிவு செய்த ஆன்டிலோப் பயணத்தைத் தவறவிட்டவர்கள் உண்டு. நெடுவழியான் நவம்பர் 1க்குப் பிறகு அங்கே போவதால் தப்பித்தார்: அன்று முதல் யூட்டா, அரிசோனா, நவாஹோ நிலம் மூன்றும் ஒரே நேரத்தில் இருக்கும். நெவாடாவுக்குள் நுழையும்போதுதான் ஒரு மணி நேரம் பின்னால் போகும்.

மறுமொழி 6: நெடுவழியான்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு நால்வரும் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இந்த மறுமொழிகளை உரக்கப் படித்தோம். கடிகாரம் மாறும் நாளில் நாங்கள் பயணத்தில் இருப்போம் என்பது எங்களில் ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை.

முடிவு இதுதான். சயானில் 26ஆம் தேதி காலை மகளுக்கு நீர்புகாத உடை கிடைத்தால் நாரோஸில் ஒரு மணி நேரம், கிடைக்காவிட்டால் கட்டாந்தரைப் பாதை மட்டும். இதற்கு அவள் முகத்தைச் சுளித்தாலும் ஒப்புக்கொண்டுவிட்டாள். 28ஆம் தேதி பிரைஸை விடியலிலேயே விட்டு, ஒன்பது மணிக்குள் காஃப் கிரீக் போய், அன்றைய பகலை அருவிக்கே கொடுப்பது. 29ஆம் தேதி காலை எட்டரைக்குக் கேசிடி ஆர்ச். பதினொன்றரை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது. பிற்பகலில் மைத்துனர் ஃப்ரூட்டாவின் மஞ்சள் மரங்களோடு இருக்கட்டும், நாங்கள் கிராண்ட் வாஷின் சமதரையில் முழங்காலுக்கு ஓய்வு கொடுத்தபடி நடப்போம். முழு நாள் நடை ஒன்றை எதிர்பார்த்து வந்தேன்; அது இரண்டு நாட்களாகப் பிரிந்ததில் வருத்தமில்லை. நீடில்ஸ் இந்த முறை இல்லை. மான்டிசெல்லோவில் தங்க இடம் தேடிப் பார்த்தேன், ஆனால் மறுநாள் பேஜில் பணம் கட்டி முன்பதிவு செய்தது ஒன்று இருக்கிறது.

ஒரே ஒரு ஐயம் எஞ்சியிருக்கிறது. 28ஆம் தேதி அருவியிலிருந்து கிளம்பி டோரிக்குப் போகும்போது போல்டர் மலையைக் கடக்க வேண்டும் அல்லவா? அந்த உயரத்தில் அக்டோபர் இறுதியில் பனி விழுமா?

மறுமொழி 7: செம்பாறை

விழுவதுண்டு, விழுந்தாலும் பெரும்பாலும் ஓரிரு நாளில் சாலை தெளிந்துவிடும். அன்று காலை சாலை நிலவரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். எஸ்கலான்டேவில் எரிபொருளை நிரப்பிக்கொள்ளுங்கள். மலை மேல் வேலியில்லாத மேய்ச்சல் நிலம் என்பதால் மாடுகள் சாலையிலேயே நிற்கும், கருநிற மாடு அந்தியில் அருகே வரும் வரை தெரியாது. அருவியில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் தங்காதீர்கள். மணலில் திரும்பி நடக்கும் மூன்று மைல் வந்ததைவிட நீளமாக இருக்கும்.